இறந்தவர் வாங்கிய கடன்

என் கணவர் காய்ச்சலில் இறந்தது ஒரு கர்க்கடக மாதத்தில், நம் ஆடியில். ஆரியசாலையில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்த ஒரு கடையில் அவர் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில்தான் எங்கள் வாடகை வீடு. அவர், நான், அத்தை என்று நான் கூப்பிடும் அவருடைய அம்மா, மூன்று வயது மகள் என்று நாலே பேர். சொந்தபந்தமெல்லாம் திருநெல்வேலிப் பக்கம். திருவனந்தபுரத்தில் எங்களுக்கென்று ஓர் ஆண்துணை கிடையாது. அது எவ்வளவு பெரிய குறை என்பது ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது.

வைத்தியரின் கஷாயத்துக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. கடை முதலாளி வண்டி அனுப்பினார். கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தோம். ஆண்கள் வார்டு. சாயங்கால மணி அடித்தால் பெண்கள் வெளியேறிவிட வேண்டும். கடையிலிருந்து மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர் இரண்டொரு ராத்திரி துணைக்குப் படுத்தார். பிறகு சரக்கு வந்து இறங்கவும் அவரும் வரமுடியாமல் போயிற்று. பகலில் என் கணவர் பெரும்பாலும் தூங்கினார். ராத்திரிதான் காய்ச்சல் ஏறும், பிதற்றல் வரும் என்று நர்ஸ் சொன்னாள். அந்த ராத்திரிகளில் நான் வீட்டில் மகளை அணைத்துக்கொண்டு ஓட்டில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் கஞ்சியோடு போனபோது அவர் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. நாங்கள் கொடுத்தனுப்பிய ஜமுக்காளத்தை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த உறவினர்களெல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மறுநாள் விளக்கேற்றும் நேரம். தூறல். சந்தில் யாரோ இருமினார்கள். சின்னதாக இரண்டு இருமல், பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். என் கணவர் கடை அடைத்துவிட்டு வரும்போது படியேறுமுன் அப்படித்தான் இருமுவார். என் மடியில் இருந்த மகள் தலையைத் தூக்கி "அப்பா!" என்று கதவை நோக்கி ஓடினாள். அவளை நான் தடுக்கவில்லை. அடுக்களையிலிருந்து அத்தையும் பாதி எழுந்துவிட்டதைப் பார்த்தேன்.

வாசலில் குடையோடு ஒருவன் நின்றிருந்தான். நாற்பது வயதிருக்கலாம். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு முண்டு. அவன் முகத்தை இன்று எவ்வளவு யோசித்தாலும் எனக்குக் கிடைப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறந்துபோகிற மாதிரியான முகம்.

"கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா அம்மா?" என்றான் அத்தையிடம். குடித்துவிட்டு வாசல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். "என் பேரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. உங்க மகனுக்கு நான் வேண்டப்பட்டவன். அவ்வளவுதான், கேட்டோ."

பிறகு பேச ஆரம்பித்தான். எங்கள் கல்யாணத்தன்று வண்டிமாடு மிரண்டு மாப்பிள்ளை மாலை சேற்றில் விழுந்ததைச் சொன்னான். அத்தையின் முட்டுவலிக்குத் தைலம் வாங்கக் கையில் காசில்லாமல் அவர் வருத்தப்பட்டதைச் சொன்னான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அவருக்கு ஒரு தங்கச்சி உண்டாயிருந்தா, அல்லே? கிணத்துல போனவ. அவளை நெனச்சு அவரு அழாத நாளில்லை" என்றான்.

அத்தை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அப்படி ஒரு பெண் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்குத் தெரியாததை அறிந்த ஒருவன் பொய் சொல்லுவான் என்று எப்படி நினைக்க முடியும்?

அதற்கப்புறம்தான் கடன் வந்தது. கடைக் கணக்கில் முந்நூறு ரூபாய் குறைந்துவிட்டதாம். முதலாளிக்குத் தெரியாமல் இட்டு நிரப்ப என் கணவர் அவனிடம் கைமாற்று வாங்கினாராம். நட்புக்காக எழுத்து எதுவும் வாங்கவில்லையாம்.

"முதலாளிகிட்ட கேக்கலாம்னு நெனைக்காதீங்க. கேட்டா, போன மனுஷனுக்குக் கள்ளன்னு பேரு வரும். அது வேண்டாம். மெல்லத் தந்தா மதி, அது போதும். எனக்கு அவசரம் இல்லை."

அத்தை உள்ளே போய், காரியச் செலவுக்கு மிஞ்சியிருந்ததைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் வந்தான். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. முதலில் இருமல் வரும், பிறகு ஆள் வரும். கொடுக்க இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து இறந்தவரைப் பற்றி ஏதாவது புதிதாகச் சொல்லுவான். அத்தை தூணோடு ஒட்டி நின்று கேட்பாள். கொடுக்க இல்லாத அன்றைக்குத் திட்டமாட்டான். எதிர்ச்சுவரோரம் போய்க் குடையை விரித்து நிற்பான். இருட்டும் வரைக்கும் நிற்பான். நடுநடுவே இருமுவான். ஒவ்வோர் இருமலுக்கும் மகள் "அப்பா வெளியே நிக்காவ" என்று அழுவாள். பக்கத்து வீட்டார் ஜன்னலை அடைத்துக்கொண்டார்கள். பால்காரி எங்கள் வாசலுக்கு வர மறுத்து, சந்து முனைக்கே செம்போடு வந்து பாலை வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

ஒருநாள் அத்தையிடம் சொன்னான்: "கடன் நிக்கிறவரைக்கும் ஆளும் நிக்கும் அம்மா. நேத்து என் முற்றத்துல வந்து நின்னாரு. தலையெல்லாம் நனைஞ்சு. 'அம்மாகிட்ட சொல்லு, எனக்குக் குளிருது'ன்னாரு."

அத்தை அன்றிலிருந்து பின்கதவைத் தாழ் போடவிடவில்லை. மகன் தலை துவட்டும் துவர்த்தைக் கொடியில் காயப்போட்டு வைப்பாள். காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பாள். மழைக்காலத்தில் எந்தத் துணிதான் ஈரமில்லாமல் இருக்கும்? ஆனால் அவள் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கும் முதுகு சில்லிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தைக்கு உடம்பு சரியில்லை. நான்தான் வாசலுக்குப் போனேன். "இனிக் கொடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லை. நீங்க வராதீங்க" என்றேன்.

அவன் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தான். பிறகு மிக மெல்ல என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது மட்டும் என் கணவர் என்னை அழைத்த பெயர் அது. அத்தை கேட்டதில்லை. என்னைப் பெற்றவர்களுக்குத் தெரியாது. அதை அவர் இழுத்துச் சொல்லும் விதத்திலேயே அவன் சொன்னான். "என்னை இப்படியா விட்டுருவே?" என்றான்.

உள்ளே போய், கழற்றி வைத்திருந்த தாலிப் பொன்னை எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் போட்டேன். அவன் அதை இரண்டு தரம் மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான். எடை பார்த்தான். பார்வை ஒரு கணம் பொன்னில் மட்டும் இருந்தது. "மாமியார் காதுல கெடக்கறதும் கிடைச்சா கணக்குத் தீர்ந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கைதான் என்னைத் தெளிய வைத்தது. பேச்சும் இருமலும் என் கணவருடையதாக இருந்தன. கை வேறு யாருடையதோ. பொன்னை எடைபோட்டுப் பழகிய கை.

அவர் போய் நாற்பத்தொரு நாள் கழியாமல் நான் படி தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரியில் எங்கள் செம்பு ஒன்று தங்கிவிட்டது, வாங்கி வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நேரே போனது பழவங்காடிக்கு. கோயிலுக்குப் பின்னால் ஒரு வக்கீல் வீடு இருந்தது. கோட்டைக்குள் குடியிருந்த தமிழ்ப் பிராமணர். கடைக்கு வழக்கு நடத்துபவர் என்பதால் என் கணவரைத் தெரியும். கதவோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் விஷயத்தைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வெகுநேரம் கழித்து அதையும் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அம்மா, நிஜக் கடன்னே வெச்சுப்போம். அப்பவும் அவன் போக வேண்டிய இடம் கோர்ட்டு. சாட்சி கொண்டுவரட்டும். ஜெயிச்சாக்கூட, உங்க ஆத்துக்காரர் விட்டுட்டுப் போன சொத்துலேர்ந்துதான் எடுக்கலாம். உங்க தாலிப் பொன்னும் உங்க மாமியார் காதுப் பாம்படமும் அவன் கைக்குப் போக வேண்டியதில்லை. வாசல்ல நின்னு பயங்காட்டறதுக்கு எந்தச் சட்டத்துலயும் இடமில்லை. அதுக்குப் போலீஸ்தான்."

"கொஞ்சமா கொடுத்து ஒழிச்சிரலாம்னு..."

"கூடவே கூடாது. குடுக்கக் குடுக்க நீங்களே கடனை ஒத்துண்ட மாதிரி ஆயிடும். இனிமே ஒரு சக்கரம் காசுகூடக் குடுக்காதேங்கோ. முதல்ல முதலாளியண்டை போய்க் கேளுங்கோ. அவன் போகாதேன்னு சொன்ன இடத்துக்குத்தான் முதல்ல போகணும்."

நான் எழுந்தபோது கூப்பிட்டு நிறுத்தினார். "செத்துப்போனவா வந்து சொல்றதில்லைம்மா. உசிரோட இருக்கறச்சே சொல்லியிருக்கணும். எப்போ, எங்கேன்னு யோசிச்சுப் பாருங்கோ."

திரும்பும் வழியிலேயே கடைக்குள் ஏறி முதலாளியிடம் கேட்டேன். அவருக்கு முதலில் நான் கேட்பதே விளங்கவில்லை. விளங்கியதும் கண் கலங்கிவிட்டது. "அவரு கணக்கிலேயா? ஒரு மிளகு குறையாது தாயீ. எவன் சொன்னான் அப்படி?"

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று கால்களுக்கே தெரிந்திருந்தது. நான் பக்கத்தில் இல்லாமல் அவர் தன்னை மறந்து பேசிய இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

பகல்தான் என்றாலும் மழை இருட்டு. வராந்தாவில் அந்த நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மலையாளத்துக்காரி, கொஞ்சம் வயதானவள். என் கணவருக்குப் பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தது என்று கேட்டேன்.

"அடுத்த கட்டிலா? ஒரு ஆளு வயித்து வேதனைன்னு வந்து கிடந்தது. நல்ல மனுஷன். ராத்திரி உங்க ஆளுக்குக் காய்ச்சல் ஏறும்போ அவர்தான் கையைப் பிடிச்சிட்டு இருக்கும்."

"என்ன பேசுவாரு?"

"உங்க ஆளு அவரை நீங்கன்னு நினைச்சிட்டாரு, பாவம். என்னமோ ஒரு பேரு சொல்லி விளிக்கும். அவர் பெண்ணுங்க மாதிரி மெல்ல 'உம்'னு கொட்டும். ஒண்ணொண்ணா கேக்கும். உங்க ஆளு சொல்லிட்டே இருக்கும். காய்ச்சல்காரனுக்கு ஒரு சமாதானம் ஆச்சேன்னு நானும் விட்டுட்டேன்." என் முகத்தைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது. "ஏன்? எந்தா காரியம்?"

சொன்னேன். அவள் கையில் இருந்த தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "ஈஸ்வரா" என்றாள். "அந்த ஆளு இப்பவும் உள்ளே உண்டு. மறுபடியும் வயித்து வேதனைன்னு முந்தாநாள் வந்தது."

மகளை அவளிடம் கொடுத்துவிட்டு வார்டு வாசலில் போய் நின்றேன். நீளமான அறை. கடைசியில் ஒரு ஜன்னல் மட்டும் வெளுத்திருந்தது. அதன் பக்கத்துக் கட்டிலில் ஓர் இளைஞன் காய்ச்சலில் கிடந்தான். அவன் தலைமாட்டில் முக்காலியைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தான் எங்கள் வெள்ளிக்கிழமைக்காரன். நான் நெருங்கினேன். அவன் குரல் கேட்டது. அது ஆண் குரல் இல்லை. மெல்லிசான, சலித்துக்கொள்ளாத, ஒரு மனைவியின் குரல்.

"பின்னே? வேற யார்கிட்டயும் சொல்லாதது என்ன? என்கிட்ட சொல்லலாமே."

இளைஞனின் கண்கள் பாதி திறந்திருந்தன. அவனைப் பார்த்துப் புன்னகை செய்தான். நிம்மதியான, அன்பான புன்னகை. என் கணவரும் இப்படித்தான் புன்னகைத்திருப்பார். கடைசி ராத்திரிகளில் என் இடத்தில் இவன் இருந்திருக்கிறான். நானாக இருந்திருக்கிறான்.

கட்டில் காலருகே போய் நின்றேன். அவன் நிமிர்ந்தான். பதறவில்லை.

"கடன் எதுவும் கிடையாது" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "இருக்குன்னா கோர்ட்டுக்குப் போ. என் வாசலுக்கு வராதே. முதலாளியைக் கேட்டாச்சு. வக்கீலைப் பாத்தாச்சு."

"மெல்லப் பேசுங்க, ஆளு தூங்குது" என்றான். தன் சொந்தக் குரலில். அதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். தட்டையான, ஊர் பேர் சொல்ல முடியாத குரல். "உங்க ஆளு நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு நெனச்சுத்தான் கண்ணை மூடினாரு. நான் இல்லேன்னா தனியாத்தான் போயிருப்பாரு. அதுக்கு ஒரு விலை இல்லையா?"

இன்றுவரைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நர்ஸ் ஆள் கூப்பிட ஓடும் சத்தம் வராந்தாவில் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். முண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே இன்னும் ஒன்று சொன்னான்.

"கடைசியா உங்களுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. வேணுமா?"

உலகத்தில் நான் அதைவிட எதையும் விரும்பியதில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தாலிப் பொன்னைப் பார்த்த அதே பார்வையோடு. அவன் என்ன சொன்னாலும் அது அவர் சொன்னதா, இவன் இட்டுக்கட்டியதா என்று சாகும்வரைக்கும் எனக்குத் தெரியப்போவதில்லை.

"வேண்டாம்" என்றேன்.

ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து அவனைப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒரு நோயும் இல்லை. வெளி வராந்தாவில் இளைஞனின் மனைவி கஞ்சிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கும் புருஷனை வைத்துக்கொண்டிருப்பவளிடம் எதை எப்படிச் சொல்வது? "ராத்திரி சொந்தக்கார ஆம்பிளை யாரையாவது உள்ளே துணைக்கு வையுங்க. கடன் வாங்கியாவது ஆள் வையுங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் பயந்துபோய்த் தலையாட்டினாள். அந்த இளைஞன் பிழைத்துக்கொண்டான் என்று நர்ஸ் பிறகு சொல்லியனுப்பினாள்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்தது முழுவதையும் அவளிடம் சொல்லியிருந்தேன். சந்து அமைதியாக இருந்தது. மழைகூட இல்லை.

"இனி வரமாட்டான் அத்தை" என்றேன்.

"தெரியும் ஏளா." விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுச் சொன்னாள்: "அவன் கள்ளன்னு ரெண்டாம் வாரமே எனக்குத் தெரியும். எம் மவன் எங்கிட்டக் கேக்காம ஒருத்தங்கிட்ட முந்நூறு ரூவா வாங்குவானா?"

"பின்னே ஏன் கொடுத்தீங்க?"

"அவன் வந்தாத்தானே அந்த இருமல் வரும்."

அவள் என்மேல் கோபமாகத்தான் இருந்தாள். வெகுநாள் அந்தக் கோபம் தணியவில்லை. காதில் பாம்படம் தப்பியது. அதை அவள் ஒரு லாபமாக எண்ணவே இல்லை.

வக்கீல் கேஸ் எழுதிக் கொடுத்தார். போலீஸ் விசாரித்தபோது இன்னும் சில வீடுகள் வெளியே வந்தன. ஸ்ரீவராகத்தில் ஒன்று, சாலைக் கடைத்தெருவில் ஒன்று, இன்னும் தள்ளி ஒன்றிரண்டு. எல்லாமே காய்ச்சலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் அவனுக்கு வேறு வேறு குரல், வேறு வேறு நடை. ஒரு வீட்டில் அவன் நொண்டி நடந்தானாம். செத்துப்போனவருக்குக் கால் ஊனம். என் தாலிப் பொன் ஒரு தட்டான் கடையில் உருக்காமல் கிடைத்தது. பணம் திரும்பவில்லை. கோர்ட்டில் அவன் ஊரைக் கேட்டபோது ஒவ்வொரு தரமும் வேறு ஊர் சொன்னான். ஜெயிலுக்குப் போனான். எத்தனை நாளில் வெளியே வந்தான், பிறகு என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அதோடு முடியவில்லை. ஆரியசாலையிலோ பழவங்காடிப் பக்கமோ ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடிந்ததும் நான் போக ஆரம்பித்தேன். கைம்பெண் காலெடுத்து வைத்தாள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை என்று அடுக்களை வழியாகப் போய், அந்த வீட்டுப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுவேன். யாராவது வந்து கடன் என்றால், எழுத்து எங்கே, சாட்சி யார் என்று கேள். யாரிடமும் கேட்காதே என்று சொன்னால், எல்லோரிடமும் கேள். கோர்ட்டுக்குப் போ என்று சொல்லிக் கதவை அடை. என்ன பயமுறுத்தினாலும் கொடுக்காதே.

ஒரு வருஷம் கழிந்து அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைவிட இளையவள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அக்கா, நிஜமாவே அவிய வாங்கியிருந்தா?" என்றாள்.

"நிஜம்னா பகல்ல, நாலு பேர் முன்னால கேக்கட்டும். அவரு விட்டுட்டுப் போனதுல இருந்து கொடுத்துரலாம். அதுல ஒரு அவமானமும் இல்லை."

அவள் தலையசைத்தாள். "நேத்து ஒருத்தரு வந்தாரு. ஒண்ணும் கேக்கலை. கொஞ்சம் வெந்நீர் மட்டும் கேட்டாரு" என்றாள்.

ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். முகம் நினைவுக்கு வரவில்லை என்றாள்.

அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவன் ஜெயிலிலிருந்து வந்துவிட்டிருந்தால் என் எதிரில் வரட்டும் என்று அவளோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். விளக்கேற்றும் நேரம் வந்தது. இருட்டவும் செய்தது. யாரும் வரவில்லை.